வத்தல்மலை ஏறும் வண்டி



ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் குடும்பத்தோடு சென்று வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வத்தல்மலைக்குச் சென்று வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருப்பார்கள். தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பில் அமர்ந்திருக்கிறது அந்த ஊர். ஒரே ஊர் என்று சொல்வதும் சரியன்று. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று சிற்றூர்கள் பல அங்குமிங்கும் சிதறிக் கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மண் அது. (மலையாளி என்றதும் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். அவர்கள் பேசுவது தமிழே.) கேழ்வரகும் சாமையும் விளைகின்றன. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடி நிற்கிறது. அம்மரங்களையே பற்றி மிளகுக் கொடி ஏறுகிறது. பருவத்தில் பலாவும் சாமந்தியும் கீழே தருமபுரிச் சந்தைக்கு வருகின்றன.

எப்படி வருகின்றன என்பதுதான் கேள்வி. இன்று அங்கே தார்ச்சாலை இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பேருந்தும் போகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்னர் மலை மக்களுக்கு இருந்தவை இரண்டே வழிகள்: சொந்தக் கால், அல்லது ஜீப். இதே மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்ற செய்தியை நாளிதழ்களில் நீங்கள் படித்திருக்கலாம். அத்தகைய மலைகளின் நடுவே ஒரு ஜீப் ஏறி இறங்கும் ஊர் பாக்கியம் பெற்ற ஊரே. அவ்வண்டியில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும் போவாள். நியாய விலைக் கடை அரிசியும் போகும். பள்ளி ஆசிரியரும் போவார். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை பாரத்தோடும் ஏறியாக வேண்டும். பேருந்து வந்த பின்னும் ஜீப்பின் வேலை தீர்ந்துவிடவில்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தோட்டம் வரைக்கும் தார் போடப்படாத மண் தடம் இருக்கிறதே, அதில் பூ மூட்டையைச் சுமப்பது யார்?

இந்தக் கட்டுரை அம்மலையின் குளிரையும் மூடுபனியையும் பற்றியதன்று. அவற்றைப் பாடுவதற்குக் கவிஞர்கள் இருக்கிறார்கள். நம்மை மேலே கொண்டு சேர்க்கும் அந்த வண்டியின் வயிற்றைப் பற்றியது இது. அதைக் காணும் வாய்ப்பு எனக்குத் தருமபுரியிலுள்ள ஒரு பட்டறையில் கிட்டியது. நான் ஏறிச் செல்ல எண்ணியிருந்த வண்டி அங்கே எஞ்சின் வேலைக்காகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. வண்டிக்குரியவர் மலையைச் சேர்ந்த இளைஞர். கடன் வாங்கி வண்டி எடுத்தவர். சாமந்தி அறுவடை தொடங்கப் பத்து நாள்களே இருந்தன. மலையேறாத ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம்.

வண்டிக்கு வந்த நோய் இது. முன்பு ஒருமுறை வேறோர் இடத்தில் எஞ்சின் வேலை நடந்திருக்கிறது. அங்கே கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, அதன் முனையிலுள்ள சிறிய பல்சக்கரத்தை மட்டும் புதிதாக மாற்றி, அதனோடு கோத்துச் சுழலும் மற்றச் சக்கரங்களைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். வண்டி ஓடியது. ஆனால் முதல் நாளிலிருந்தே ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். “புதுச் சாமான் அப்படித்தான் சத்தம் போடும், போகப்போகச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போகப்போகப் பல் உடைந்தது. உடைந்த இரும்புத் துணுக்கு மற்றப் பற்களுக்குள் விழுந்து அரைபட்டது. ஒரு மாலையில், பாதி மலையில், ஏழு பேரோடு வண்டி நின்றது. எல்லோரும் இருட்டில் நடந்து ஊர் சேர்ந்தார்கள்.

கிராங்க் ஷாஃப்ட் என்றால் என்னவென்று சகோதரிகள் கேட்கக்கூடும். உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால் மிதிப்பது மேலும் கீழுமாக. சக்கரம் சுழல்வது வட்டமாக. மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி, சக்கரத்தின் நடுவில் மாட்டப்படாமல் சற்று விலகி மாட்டப்பட்டிருக்கிறது அல்லவா? அந்த விலகல்தான் கிராங்க். எஞ்சினில் காலுக்குப் பதில் பிஸ்டன். கம்பிக்குப் பதில் கனெக்டிங் ராடு. நான்கு பிஸ்டன்களுக்கும் நான்கு விலகல்களோடு வளைந்து வளைந்து செல்லும் ஒரே எஃகுத் தண்டு. மிதிக்கும் காலின் பலம் என்னவென்றும் பாருங்கள். இந்த வண்டியின் பிஸ்டன் 88.9 மில்லிமீட்டர் விட்டமுடையது. டீசல் பற்றும் கணத்தில் உள்ளே காற்றழுத்தத்தைப் போல் எழுபது மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிஸ்டன் தலையில் விழும் பாரம் நான்கு டன்னைத் தாண்டிவிடும். அதை நொடிக்குப் பல தடவை தாங்குகிறது அந்தத் தண்டு.

அத்தண்டின் ஒரு முனையில் சிறு பல்சக்கரம். அது சுழன்று, இடையிலுள்ள சக்கரத்தின் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும், டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் பம்பையும் சுழற்றுகிறது. கேம் சக்கரத்துக்குக் கிராங்க் சக்கரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு பற்கள். இந்தக் கணக்கில் ஒரு பல் பிசகினாலும் போயிற்று. கிராங்க் சக்கரத்தில் 24 பற்கள் என்று கொண்டால் ஒரு பல் என்பது 15 பாகை. டீசல் 15 பாகை பிந்தி விழுந்தால் வெண்புகை கக்கி, மலையில் மூச்சுத் திணறி நிற்கும். 15 பாகை முந்தி விழுந்தால் ஏறிவரும் பிஸ்டனின் தலையிலேயே சம்மட்டி அடி.

பெரியவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? எஞ்சினின் பிறப்பைச் சொன்னதுதான். “தம்பி, இது அங்குலத்துப் பிள்ளை. மில்லிமீட்டர் பிள்ளைக்குள்ள சட்டையைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது” என்றார். எனக்கு விளங்கவில்லை. ஒரு பழைய அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்றுப் பின்னோக்கி வர வேண்டும். 1945இல் மஹிந்திரா சகோதரர்களான ஜே.சி. மஹிந்திராவும் கே.சி. மஹிந்திராவும், மாலிக் குலாம் முஹம்மத் என்பவரும் சேர்ந்து ஓர் எஃகு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மத்’. நாடு பிரிந்தபோது குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் 1951 முதல் 1955 வரை அதன் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். இங்கே நிறுவனம் 1948இல் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. நம் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பெயர்ப் பலகையில் இப்படியொரு கதை மறைந்திருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்நிறுவனம்தான் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின் முழுக்க முழுக்க அங்குலக் கணக்கு. பிறகு டீசல் வந்தது. ஒரு கிளை டிராக்டர் எஞ்சின் வழியில் வந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் மரபு. அதுவும் அங்குலக் கணக்கே. மற்றொரு கிளை, 1979இல் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டின் வழி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மீட்டர் அளவைக்குத் தாய்நாட்டார். அவர்கள் எஞ்சினின் உட்குழல் 90 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 83 மில்லிமீட்டர், கொள்ளளவு 2112 சிசி. எல்லாம் முழு எண்கள்.

இப்போது நம் மலை வண்டியின் எஞ்சினைப் பாருங்கள். 2523 சிசி. உட்குழல் 88.9, ஓட்டம் 101.6. ஏன் இப்படிக் கோணல் எண்கள்? அங்குலத்துக்கு மாற்றிப் பார்த்தால் கோணல் மறைந்துவிடும்: மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம். எண்ணே குலத்தைச் சொல்லிவிடுகிறது. வெளியில் ஒரே ஜீப் முகம். உள்ளேயோ இரண்டு குடும்பங்கள். பழைய சாமான் கடைக்காரரிடம் போய் “ஜீப் கிராங்க் கொடுங்கள், டைமிங் கியர் கொடுங்கள்” என்று கேட்டால் எந்தக் குடும்பத்துச் சாமானைத் தருவார்?

வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால் கவலை இல்லை. தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து. பல்சக்கரங்களின் பல் பருமனை மில்லிமீட்டர் நாட்டார் ‘மாடுல்’ என்ற கணக்கில் சொல்வார்கள். அங்குல நாட்டார், விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு இத்தனை பல் என்று சொல்வார்கள். அங்குலத்துக்குப் பத்துப் பல் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால் 2.54 மாடுல். கடையில் கிடைப்பதோ 2.5 மாடுல். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் உங்களாலும் என்னாலும் பிரித்தறிய முடியாது. 40 பல் கொண்ட சக்கரமாக இருந்தால் முதலாவதின் பல்வட்ட விட்டம் 101.6 மில்லிமீட்டர், இரண்டாவதின் விட்டம் 100. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேலான வேறுபாடு! தண்டுகளுக்கு இடையிலுள்ள தூரமோ எஞ்சின் வார்ப்பிலேயே நிலைபெற்றுவிட்டது. அது நமக்காக நகராது. பல்லின் சாய்வுக் கோணமும் இப்படித்தான். பழைய சக்கரங்களில் பதினாலரைப் பாகை உண்டு, புதியவற்றில் 20 பாகை பெருவழக்கு. இரண்டும் ஒன்றோடொன்று கோக்கும், சுழலும், ஊளையிடும், ஒருநாள் உடையும். ஸ்பேனர் பிடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். ஏழு-பதினாறு அங்குல நட்டு 11.11 மில்லிமீட்டர். அதில் 11 மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தட்டி ஏற்றி, நட்டின் மூலையை மழுங்கடித்து வைத்திருப்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

சரி, கணக்கும் கோணமும் ஒத்துவிட்டால் போதுமா? போதாது என்றார் பெரியவர். நம் பாட்டிமார் வீட்டு ஆட்டுக்கல்லை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அரைத்து அரைத்துக் குழியும் குழவியும் ஒன்றுக்கொன்று இசைந்து தேய்ந்திருக்கும். அண்டை வீட்டுக் குழவியை, அது எவ்வளவு நல்ல கல்லானாலும், நம் குழியில் போட்டால் மாவு அரைபடுமா? ஓரிடத்தில் தட்டும், ஓரிடத்தில் தொடாது. பல்சக்கரமும் அவ்வாறே. பழைய சக்கரத்தின் பல் தன் பழைய துணையின் வடிவுக்கேற்பத் தேய்ந்திருக்கிறது. அதனோடு புதிய சக்கரத்தைக் கோத்தால், பல்லின் முழு முகமும் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு கீற்றளவு இடம் தாங்குகிறது. அந்த இடம் முதலில் பளபளக்கும், பிறகு அம்மைத் தழும்புபோல் குழிவிழும், பிறகு உடையும். ஆகவே மாற்றுவதானால் ஜோடியாக மாற்ற வேண்டும். இடைச் சக்கரம் இருந்தால் அதையும் சேர்த்து. அந்த இளைஞரின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. சாமான் மட்டமானதன்று. நல்ல சாமான், துணை தவறிய சாமான்.

இளைஞர் சென்னைப் புதுப்பேட்டை வரைக்கும் போய்ப் பழைய கிராங்க் ஒன்றை வாங்கி வந்திருந்தார். பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் தெருக்கள் புதுப்பேட்டையில் இருப்பதை அறிவீர்கள். ஓட்டம் அதே நான்கு அங்குலம்தான் என்று கடையில் உறுதி சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் அன்று. டிராக்டர் வழி வந்த 2350 சிசி எஞ்சினுக்கும் இந்த 2523க்கும் ஓட்டம் ஒன்றே; உட்குழலை அகலப்படுத்தியதால்தான் கொள்ளளவு கூடியது. ஆனால் ஓட்டம் ஒத்துவிட்டதாலேயே தண்டு ஒத்துவிட்டதாக முடிவு கட்டலாகாது. பெரியவர் மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு கழுத்தையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தார். பிறகு ஃபிளைவீல் பூட்டும் முகத்தின் துளைகளை, பழைய ஃபிளைவீலைக் கொண்டுவந்து வைத்தே பார்த்தார். பல்சக்கரம் அமரும் இடத்தின் பருமனையும், சாவி உட்காரும் பள்ளத்தையும் பார்த்தார். எல்லாம் பார்த்த பின் தண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, சிறு சுத்தியால் தட்டினார். மணியோசை போல் நீண்டு ஒலித்தது. விரிசல் விழுந்த தண்டு தகரம்போல் மந்தமாக ஒலிக்குமாம். அதோடும் அவர் நிறைவடையவில்லை. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்பொடியில் ஒரு கோடு எழுதும். அரை மணி நேரம் காத்திருந்தோம். கோடு எழவில்லை.

அடுத்தது கடைசல். கழுத்துகள் வட்டம் குலைந்து முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. மலை வண்டிகளில் இது விரைவாகவே நேர்கிறது. காரணங்கள் பல. செம்மண் புழுதி எண்ணெயோடு கலந்து அரம்போல் அராவுகிறது. (எண்ணெய்க் கிண்ணம் வைத்த காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுகிறவர் எத்தனை பேர்?) அதைவிடப் பெரிய காரணம் ஓட்டுநரின் பழக்கம். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் எஞ்சினைத் திணறத் திணற ஏற்றுவது. அப்போது சுழற்சி குறைவு, எண்ணெய்ப் பம்பின் அழுத்தமும் குறைவு, பாரமோ உச்சம். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பும் உலோகமும் உராய்கின்றன. அந்தப் படலத்துக்கென்று விடப்படும் இடைவெளி தலைமுடியின் பருமனளவுதான்: மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதற்குச் சற்றுக் கூடலாம்.

இதற்காகவே கடைசலுக்குப் படிகள் வகுத்திருக்கிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைத்தால் ‘பத்து சைஸ்’. அடுத்தது இருபது, முப்பது. பேரிங் ஓடுகளும் அதே படிகளில் விற்கின்றன. ஒரு கழுத்து மட்டும் இருபது கேட்டால், கனெக்டிங் ராடு மாட்டும் நான்கு கழுத்துகளையும் இருபதுக்கே கொண்டு வருவதுதான் முறை. மூன்றைப் பத்திலும் ஒன்றை இருபதிலும் வைக்கும் கஞ்சத்தனம் பின்னால் பெரும் செலவில் முடியும். இங்கே இன்னொரு நுட்பம். கழுத்து, பக்கச் சுவரோடு சேரும் மூலை, கூராக இருக்கக் கூடாது. உள்வளைவாக உருண்டிருக்க வேண்டும். கடைகிறவர் அவசரத்தில் அந்த வளைவைச் சீவிவிட்டால், தண்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். தண்டை லேத்துக்கு அனுப்பும்போது பெரியவர் சுண்ணக்கட்டியால் அந்த மூலைகளைக் குறித்து, “இந்த வளைவைத் தொட்டால் வேலையே வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்.

தண்டு லேத்திலிருந்து திரும்பும்வரை இரண்டு நாள் இருந்தது. பேச்சு எங்கெங்கோ போயிற்று. வால்வுகளையும் அவற்றின் இருக்கைகளையும் எமரிக் குழம்பு தடவி, ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திக்கொண்டிருந்தான் பட்டறைப் பையன். ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்டு, எந்த வால்வு எந்த இருக்கையில் தேய்க்கப்பட்டதோ அதே இருக்கைக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. அதைக் கண்டபோது எனக்கு அல்-ஜஸரீ நினைவுக்கு வந்தார். இஸ்மாயில் அல்-ஜஸரீ, இன்றைய துருக்கியிலுள்ள தியார்பகிர் நகரில் அர்துகித் அரசர்களிடம் பணியாற்றிய பொறியாளர். ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், இயந்திரக் கலை பற்றி அவர் முடித்த நூல் இன்றும் உலகம் வியப்பது. டொனால்டு ஹில் என்ற ஆங்கில அறிஞர் 1974இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். நீர் இறைக்கும் எந்திரமொன்றில் அல்-ஜஸரீ கிராங்கைப் பயன்படுத்தியிருப்பதைச் சுட்டி, கிராங்கையே முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அப்படி முழங்க வேண்டியதில்லை. அதே துருக்கியில், ஹியராபொலிஸ் என்னும் பழைய ரோமானிய நகரத்தில், மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றின் மேல், கிராங்கும் இணைப்புத் தண்டும் கொண்ட கல்லறுக்கும் ஆலை செதுக்கப்பட்டிருக்கிறது. அல்-ஜஸரீயின் பெருமை வேறிடத்தில் உள்ளது. தான் செய்ததை இன்னொரு கைவினைஞன் அப்படியே செய்யும்படி அளவோடு எழுதி வைத்தார். நீர் கசியாதிருக்க, குழாயின் அடைப்பையும் அதன் இருக்கையையும் எமரிப் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையைச் சொன்னார். சக்கரங்களைச் சமன்பார்த்த பிறகே பூட்டச் சொன்னார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தருமபுரியில் ஒரு பையன் செய்துகொண்டிருந்தது அந்த முதல் வேலையைத்தான்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “எழுதி வைத்தார் பாருங்கள், அதுதான் பெரிது. நான் எதையும் எழுதி வைக்கவில்லை” என்றார். அவருடைய மகன்கள் இத்தொழிலுக்கு வரவில்லை. இன்றைய வண்டிகளின் எஞ்சினில் கணினி உட்கார்ந்திருக்கிறது. பிழையை அதுவே எண்ணாகச் சொல்கிறது. உறுப்பை மொத்தமாகக் கழற்றி மொத்தமாக மாட்டுகிறார்கள். சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கும் வேலை அங்கே இல்லை. பழைய ஜீப்புகள் மலைகளில் இருக்கும்வரை இவரைப் போன்றோர் தேவைப்படுவார்கள். எது முதலில் தீரும் என்பதை நான் அவரிடம் கேட்கவில்லை.

தண்டு வந்தது. பல்சக்கரங்களை ஒரே தொகுதியாக, அடைப்பு உடையாத பெட்டியில் வாங்கி வந்தார்கள். சிறிய சக்கரத்தைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டுச் சூடேற்றினார்கள். அது விரிந்த நிலையில் தண்டின் மேல் ஓசையின்றி இறங்கி, ஆறியதும் இறுகிக்கொண்டது. சம்மட்டியால் அடித்து ஏற்றுகிறவர்களைப் பெரியவர் கடிந்துகொள்வார். பிறகு அடையாளப் புள்ளிகளைப் பார்த்துப் பற்களைக் கோத்தார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய ஈயக் கம்பியை வைத்துச் சுழற்றி, நசுங்கிய கம்பியை அளந்து இடைவெளியைக் கண்டார்கள். நீலச்சாயம் தடவிச் சுழற்றிப் பார்த்தபோது பல்லின் முகம் நெடுக நீலம் பதிந்திருந்தது. ஓரத்தில் மட்டும் பதிந்திருந்தால் மீண்டும் கழற்றியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. எஞ்சினைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிய பிறகு புள்ளிகள் ஒன்று சேரவில்லை. இளைஞர் பதறிப்போனார். பெரியவர் சிரித்தார். இடைச் சக்கரம் நடுவில் இருக்கும்போது புள்ளிகள் எளிதில் மீண்டும் சேரா. கிராங்கில் 24 பல், இடைச் சக்கரத்தில் 35, கேமில் 48 என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லாப் புள்ளிகளும் மறுபடி சந்திக்க எஞ்சின் 70 சுற்று சுற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு மீச்சிறு பொது மடங்கு எதற்கென்று கேட்டால் இதைச் சொல்லலாம். இப்படிப் பற்களை வேண்டுமென்றே வகுபடாத எண்களில் அமைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே பல் ஒரே பல்லை மீண்டும் மீண்டும் சந்தித்துத் தேயாமல், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்கிடப்படுகிறது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இன்னுமொரு பொருத்தம் பார்க்க வேண்டும். அச்சுகளின் நடுவிலுள்ள கிரவுன், பினியன் சக்கரங்கள் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்க்கப்பட்டு, ஒரே எண் பொறிக்கப்பட்டு, பிரிக்கலாகாத ஜோடியாக வருபவை. முன்னச்சிலும் பின்னச்சிலும் பல் விகிதம் ஒன்றாக இருப்பது கட்டாயம். போர்க்கால வில்லிஸில் 39க்கு 8. பின்னர் வந்த சிஜே-3பி வகையில் 43க்கு 8. பழைய சாமான் கடையில் இரண்டும் கிடைக்கும். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகப் பூட்டினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகம் கேட்டு மல்லுக்கட்டும். மண் தடத்தில் டயர் வழுக்கி அது வெளியே தெரியாது. தார்ச்சாலையில் எங்கேயாவது ஒரு தண்டு முறியும். இளைஞரின் வண்டியில் இரண்டும் சரியாகவே இருந்தன.

எட்டாம் நாள் எஞ்சின் உயிர் பெற்றது. ஊளைச் சத்தம் இல்லை. கடிகாரத்தின் ஓசை போன்ற சீரான தட்டல் மட்டுமே கேட்டது. ஆனால் இளைஞர் காத்திருந்த சொல் வரவில்லை. “ஐந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் பாரம் ஏற்றக் கூடாது. இரண்டாம் கியரில் திணற விடக் கூடாது. ஐந்நூறு முடிந்ததும் எண்ணெயை மாற்ற என்னிடமே வர வேண்டும்” என்றார் பெரியவர். அறுவடைக்கு இரண்டு நாள்! முதல் நான்கு நடையின் வாடகையைக் கொண்டு கடன் தவணையைக் கட்ட நினைத்திருந்த அந்த இளைஞரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது. “பாய், அரைப் பாரமாவது?” என்றார். “உன் இஷ்டம் தம்பி. மறுபடியும் பாதி மலையில் நிற்பது நீதான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார் அவர்.

மறுநாள் அந்த வண்டியில்தான் நான் வத்தல்மலைக்கு ஏறினேன். நான் ஒருவன், ஓட்டுபவர், இரண்டு பள்ளிப் பிள்ளைகள், வேறு பாரம் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்பாகவே கியரைக் குறைத்தார். வளைவுகளில் தோட்டக்காரர்கள் மூட்டைகளோடு கைகாட்டினார்கள். அவர் வண்டியை நிறுத்தி, “பத்து நாள் பொறுங்கள் அண்ணா, எஞ்சின் புதுசு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். மேலே காப்பிச் செடிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது எஞ்சினை அணைக்காமல், மூடியைத் திறந்து, சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தருமபுரி வழியாக வந்தபோது பட்டறைக்குப் போனேன். ஐந்நூறு கிலோமீட்டர் முடித்த வண்டி அங்கே நின்றது. பழைய எண்ணெயை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் பிடித்து, பெரியவர் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் பொடியின் மினுக்கம் தென்படுகிறதா என்று தேடுகிறாராம். இளைஞரும் குனிந்து பார்த்தார். கறுப்பாக இருந்தது, மினுக்கம் ஒன்றும் இல்லை. புது எண்ணெயை ஊற்றச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டியின் பக்கம் நகர்ந்தார் பெரியவர்.